பொதியில் அனுப்பிய பற்றறி

மொன்றியால்
18 மார்ச் 2008, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ரக்ஷனாவுக்கு,

நானும் அப்பாவும் சுகம், நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். மற்ற நாட்களில் இந்த வரியை யோசிக்காமலே எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன், இன்று இதை எழுதி முடிக்கவே அரை மணித்தியாலம் பிடித்தது. மிச்சத்தைப் பிறகு ஆறுதலாக வாசி, முதலில் நான் சொல்வதைச் செய். போன மாதம் அனுப்பிய பொதிக்குள், நீலத் துவாயில் சுற்றி, வெள்ளி நிறத்தில் சவர்க்காரக் கட்டியளவில் ஒரு பற்றறி இருக்கிறது. செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பாங்க். அதை எதிலும் கொழுவாதே. ஏற்கனவே கொழுவியிருந்தால் வயரை இப்போதே கழற்று. அது ஊதியிருந்தாலோ, தொடச் சுட்டாலோ, நகப்பூச்சு மாதிரி இனிப்பாக மணத்தாலோ கையால் தூக்காதே, எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடு, அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது. ஒன்றும் இல்லாமல் சாதாரணமாக இருந்தால், ஒரு மண்சட்டியில் காய்ந்த மணலைப் போட்டு அதற்குள் புதைத்து, ஆட்கள் படுக்கும் இடத்துக்குத் தூரமாக, கூரையில்லாத ஒரு நிழலில் வை. குப்பையில் போடாதே, அங்கே குப்பையை எரிப்பார்கள் என்று நீதான் சொன்னாய். யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம், ஆசைப்பட்டுக் கேட்டால் எதையும் தூக்கிக் கொடுத்துவிடுவாய், இதைக் கொடுக்காதே. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க நேரம் எடுக்கும் என்று தெரியும், அதனால் கடித உறையின் மேலே சிவப்புப் பேனையால் பிரெஞ்சிலும் எழுதியிருக்கிறேன். இதைக் கொண்டு வரும் அக்னெஸ் என்ற தாதியிடமும் வாயால் சொல்லிவிடப் போகிறோம்.

என்ன நடந்தது என்று முறையாகச் சொல்கிறேன். ஜனவரியில் நீ போன் எடுத்தபோது, நீங்கள் கிணறு தோண்டும் ஊரில் கரண்ட் இல்லை, சுகாதார நிலையத்து ஜெனரேற்றர் இரண்டு மணித்தியாலம்தான் ஓடும், அதுவும் தடுப்பூசிப் பெட்டிக்குத்தான் முதலில், சந்தையில் கார்ப் பற்றறி வைத்திருக்கிற ஆளிடம் போனைக் கொடுத்தால் மறுநாள்தான் திரும்பி வரும் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாய். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஊரில் உனக்குக் காய்ச்சல் வந்தால், ஒரு அவசரத்துக்கு நீ போனை எடுக்க அதில் உயிர் இல்லாமல் இருந்தால் என்ற நினைப்பு வந்து ஒட்டிக்கொண்டது. அப்பா பேக்கரியில் இதைச் சொல்லியிருக்கிறார், அவரோடு ஒன்றாக மா குழைக்கிற தியாகலிங்கம் அண்ணையை உனக்குத் தெரியும், புரோசார்ட்டில் இருக்கிறவர், எந்தச் சாமானைக் கேட்டாலும் அதை விற்கிற ஒரு கடை அவருக்குத் தெரிந்திருக்கும். பையில் கொண்டு திரிகிற சார்ஜ் பற்றறி வந்திருக்கிறது, நான் எடுத்துத் தாறன் என்றார். இரண்டு வேண்டும், பெட்டியில் அடித்திருக்கிற தொகுதி இலக்கம் இரண்டிலும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஒண்டு பிள்ளைக்கு, மற்றது என்ன பிள்ளையாருக்கோ என்று கேட்டாராம். எங்கள் தொழிற்சாலையில் மருந்து வெளியே போகும்போது ஒவ்வொரு தொகுதியிலும் கொஞ்சத்தை எடுத்து அலுமாரியில் வைத்துக்கொள்வோம், போனதில் ஏதும் முறைப்பாடு வந்தால் வைத்திருப்பதை எடுத்துப் பரிசோதிப்போம். பதினாறு வருடமாக கர்க்லாண்டில் அந்த வேலையைச் செய்கிறேன், வீட்டிலும் எனக்கு அப்படித்தான் புத்தி போகும். உனக்கு ஒன்றை அனுப்பி, அதன் கூடப் பிறந்ததை இங்கே வைத்துப் பார்ப்பது என்று நினைத்தேன்.

அவர் கொண்டுவந்து தந்தபோதே எனக்கு முழுத் திருப்தி இல்லை. பெட்டியில் போட்டிருந்த எண் பெரிது, அவ்வளவு மின்சாரம் கொள்ளும் பற்றறி கையில் இன்னும் பாரமாக இருக்கவேண்டும். பாதுகாப்பு முத்திரை அச்சடித்திருந்தது, அதன் கீழே இருக்கவேண்டிய இலக்கம் இல்லை. செய்தவர்களின் பெயர் இருந்தது, விலாசம் இல்லை. இதையெல்லாம் அவருக்குக் காட்டினேன். முத்திரை இருக்குத்தானே தங்கச்சி, இது பற்றறி, குளிசை இல்லை, நீங்கள் படிச்ச ஆக்கள் ஒரு சாமான் வாங்கி முடிக்கிறதுக்கிடையில சாமானே பழசாய்ப் போயிடும் என்றார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். சரி, பத்துத் தரம் ஏற்றி இறக்கிப் பார்த்தபிறகு அனுப்புவோம் என்று முடிவு செய்து, இங்கே நிற்கப்போவதைப் பெரிய பீங்கான் தட்டில் வைத்து, மேலே வெப்பமானியை ஒட்டி, நான் வீட்டில் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் சார்ஜ் ஏற்றினேன். மூன்று தரம் முடிந்தபோது இங்கே மொன்றியாலில் இருக்கிற உங்கள் நிறுவனத்து அலுவலகத்திலிருந்து ஒரு பிள்ளை போன் எடுத்து, இருபத்தெட்டாம் திகதி ஒருவர் அங்கே போகிறார், தலைநகரத்தில் இரண்டு கிழமைப் பயிற்சி முடித்துவிட்டு உங்கள் ஊருக்கு வருவார், பொதி இருந்தால் நாளைக்குள் கொண்டுவந்து தாருங்கள் என்றாள். மிளகாய்த்தூளையும் பருத்தித்துறை வடையையும் துவாயையும் அப்பா வரிசையாகச் சாமிப் படம் இருக்கிற தட்டில் வைத்தார். புதுச் சாமான் என்றால் அவருக்குப் பொட்டு வைக்காமல் சரிவராது, பற்றறி இரண்டுக்கும் சந்தனம் குழைத்து, குங்குமமும் வைத்துவிட்டார். வைத்தது சரியாக வயர் கொழுவுகிற வாய்க்கு மேலே. உனக்கு அப்பாவைத் தெரியும்தானே.

பொதி போனபிறகும் இங்கே வைத்திருந்த மற்றப் பற்றறியை இடைக்கிடை சோதித்து வந்தேன். போன வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறாவது தரம். அப்பா கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றார், எண்ணெய் மணத்துக்குள் வேறொரு மணம் வந்தது, இனிப்பாக, ஆய்வுகூடத்தில் போத்தல் திறந்தால் வருவது போல. திரும்பிப் பார்த்தேன், தட்டில் இருந்தது இரண்டு பக்கமும் ஊதியிருந்தது. சுவரிலிருந்து வயரை இழுத்தேன், அதற்குப் பிறகும் அது நிற்கவில்லை, உள்ளேயே ஏதோ தொடங்கிவிட்டது, சீறத் தொடங்கியது. அப்பா அடுப்பை நிறுத்தி, பேக்கரியில் சூட்டுத் தட்டுத் தூக்குகிற போறணைக் கையுறையை ஒரு கையில் மட்டும் போட்டுக்கொண்டு தட்டோடு தூக்கிப் பின் பல்கனிக் கதவைக் காலால் தள்ளித் திறந்து வெளியே எறிந்தார். இந்த வருடம் பனி எவ்வளவு என்று உனக்குச் சொன்னால் நம்பமாட்டாய், பல்கனியில் இடுப்பளவுக்குக் கிடந்தது, அந்தப் பனிக்குள் விழுந்தும் எரிந்தது. ஒரு சிறு சாமான், அதிலிருந்து அப்படி ஒரு நெருப்பு, ஊதுவது போன்ற சத்தத்தோடு வந்தது, பனியைத் துளைத்துக்கொண்டு பலகைவரை போய்ப் பலகையைக் கருக்கிவிட்டுத்தான் அணைந்தது. புகைக்கு அலாரம் அடித்து, கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து கதவைத் தட்டினார். அப்பாவின் வலது கையில் இரண்டு விரலும் உள்ளங்கை ஓரமும் கொப்புளம், டொக்டர் பார்த்து மருந்து போட்டிருக்கிறார், காய்ந்துகொண்டு வருகிறது, அதை நினைத்துப் பயப்படாதே. மா குழைக்க முடியாது, பெட்டி அடுக்குகிற வேலை கொடுத்திருக்கிறார்கள்.

நான் அந்தக் கதவடியில் நின்று பார்த்தது பல்கனியை இல்லை. தை மாதம் நீ அனுப்பிய படத்தை. கட்டில், கட்டிலைச் சுற்றி நைலோன் நுளம்பு வலை, அதற்கு மேலே புல் வேய்ந்த கூரை, வலைக்குள் நீ படுத்துக்கொண்டு போனைப் பார்க்கிறாய். இப்போது அங்கே வெயில் நாற்பதைத் தாண்டும் மாதம், இங்கே குளிர்ந்த வீட்டில் பீங்கான் தட்டில் வைத்தும் இப்படி. அன்றிலிருந்து உன் இலக்கத்துக்கு எடுத்துக்கொண்டே இருக்கிறேன், ஒரு பெண் குரல் மிக இனிமையாக, நீங்கள் அழைத்தவரை இப்போது அடைய முடியாது என்கிறது, அந்தக் குரலைக் கேட்கவே எனக்கு வெறுப்பாக இருக்கிறது. ஈமெயில் நாலு போட்டேன், நீ பட்டணத்துக்குப் போனால்தான் பார்ப்பாய். திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் மெற்றோ பிடித்து உங்கள் அலுவலகத்துக்கே போனேன். வாசலில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் கதைத்தாள், தலைநகரத்துக்குச் செய்தி அனுப்புகிறேன், சனிக்கிழமை உங்கள் ஊருக்கு ஜீப் போகிறது, அதில் சொல்லிவிடுவார்கள் என்றாள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னேன். அந்தக் கருவி சூடாகக்கூடும் என்று எழுதியிருந்தாள். அதை வெட்டித் தீப்பற்றும் என்று எழுதச் சொன்னேன். மடாம், நாங்கள் ஆட்களைப் பயப்படுத்தக் கூடாது என்றாள். பயப்படுத்துங்கோ, அதுக்குத்தான் வந்தனான் என்றேன், பிரெஞ்சில் இவ்வளவு உறுதியாக நான் இதற்கு முன் ஒன்றும் சொன்னதில்லை. எழுதினாள். ஆனாலும் மூன்று வாய் மாறி உன்னிடம் வரும்போது அது என்னவாக வருமோ என்று தெரியாது, அதனால்தான் இந்தக் கடிதம்.

இதுவரை எழுதியது உண்மை, ஆனால் முழுவதும் இல்லை. மிச்சத்தை எழுதத்தான் கை வராமல் இருந்தது. அன்றைக்கே அப்பா கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டு, நான் வைச்ச சந்தனம்தான் உள்ளுக்குப் போயிருக்கு என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. தியாகலிங்கம் அண்ணையும் கேள்விப்பட்டுப் போன் எடுத்து, ஈரச் சந்தனத்தைக் கரண்டுச் சாமானில ஆரும் வைப்பாங்களோ என்று அப்பாவை ஏசினார், அப்பவும் நான் பேசாமல் இருந்தேன். அதற்குப் பிறகு அப்பா சாமித் தட்டுப் பக்கம் போகவில்லை. திருநீறு பூசாமல் வேலைக்குப் போகிறார், உன் பெயரை எடுத்தால் எழும்பி அடுத்த அறைக்குப் போகிறார். ரக்ஷனா, சந்தனத்தில் ஒரு பிழையும் இல்லை. அவர் வைத்த அன்று பின்னேரமே, அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, இரண்டு பற்றறியிலும் பொட்டைப் பஞ்சால் துடைத்து, வாய்க்குள் இருந்ததை ஊசியால் எடுத்து, உருப்பெருக்கியால் பார்த்து, ஒரு இரவு காயவிட்டுத்தான் உன்னுடையதைப் பொதிக்குள் வைத்தேன். இரண்டும் காய்ந்து சுத்தமாக இருந்தன. அவர் மனம் நோகும் என்று அதைச் சொல்லாமல் விட்டேன். வெப்பமானியில் முதல் தரம் முப்பத்தெட்டு, இரண்டாம் தரம் நாற்பத்தாறு, மூன்றாம் தரம் ஐம்பத்து மூன்று. அது பொதி கொடுப்பதற்கு முதல்நாள். ஒவ்வொரு தரமும் ஏறிக்கொண்டு போகிற எண்ணை வேலையில் பார்த்தால் அந்தத் தொகுதி வாசலைத் தாண்டாது, எந்த மனேஜர் வந்து நின்றாலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன், போடாமல் இருந்து பேச்சும் வாங்கியிருக்கிறேன். வீட்டில் போட்டேன். தட்டு ஹீற்றருக்குக் கிட்ட இருந்தது, அந்தச் சூடாக இருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். ஹீற்றரிலிருந்து அது நாலு முழம் தள்ளி. அந்த நேரம் நீ பதினொரு நாளாக எடுக்கவில்லை, அடுத்த ஆள் எப்ப போவார் என்று தெரியாது, அவ்வளவுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. ஊரில் ஒருவர் சொல்வதையும் லேசில் நம்பாதவள் என்று என்னை எல்லாரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்று எனக்கு எது வேண்டியிருந்ததோ அதை நம்பினேன்.

இன்று காலை அப்பா வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றாமல் கதவடிக் கதிரையில் இருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சால் துடைத்ததையும் எண்களையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப என்ர பொட்டில பிழை இல்லை எண்டுறீர்?" என்றார். இல்லை என்றேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கையில் சுற்றியிருந்த துணியின் முடிச்சை மற்றக் கையால் இறுக்கிவிட்டு, "நாலு நாள் எனக்குச் சொல்லாதது கிடக்கட்டும். பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் விட்டால், சந்தனத்தால வந்தது எண்டு நினைச்சு, துடைச்சுப்போட்டுப் பாவிப்பாள். இருந்து எழுதும்" என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. உன் பற்றறியில் சந்தனம் பட்ட கறை இன்னும் ஓரத்தில் இருக்கும், அலுவலகத்தால் வரும் செய்தியோடு நீ அந்தக் கறையையும் பார்த்தால் அப்படித்தான் நினைப்பாய், நீ என் பிள்ளை, காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தப் பார்ப்பாய். திருத்த அதில் ஒன்றும் இல்லை, உள்ளே செய்த விதமே பிழை. அப்பா உடனே எழும்பி அலுவலகத்துக்குப் போன் எடுத்து, வியாழக்கிழமை அக்னெஸ் போகிறார் என்று அறிந்து, வெள்ளி பெரிய வெள்ளி, பிறகு எல்லாம் பூட்டு, நாளைக்கே கொண்டுபோய்க் கையில் கொடுப்போம் என்று சொல்லிவிட்டு இப்போது பக்கத்தில்தான் இருக்கிறார். நான் எழுதுவதை எட்டிப் பார்க்கிறார், பார்க்காத மாதிரி இருக்கிறார்.

எப்போதாவது ஒன்று வாங்கத்தான் வேண்டுமென்றால் என்ன பார்க்கவேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன், இந்த மூன்று கிழமையில் படித்தது. முத்திரைக்குக் கீழே இலக்கம் இருக்கவேண்டும், அந்த இலக்கத்தைக் கொடுத்துக் கேட்டால் முத்திரை கொடுத்தவர்கள் ஆம் என்று சொல்லவேண்டும். செய்தவரின் விலாசம் இல்லாததைக் கையால் தொடாதே. எண் பெரிதாகவும் பாரம் குறைவாகவும் இருந்தால் அது பொய். சூடானால் தானாக நிற்கும் ஏற்பாடு உள்ளே இருக்கவேண்டும், அது இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது, சார்ஜ் ஏற்றும்போது கன்னத்தில் வைக்க முடியாத சூடு வந்தால் இல்லை என்று அர்த்தம். தலையணைக்குக் கீழே, வெயிலில், படுக்கும் அறையில் ஏற்றக் கூடாது. ஆனால் வாங்காதே. சந்தை ஆளிடமே கொடு, ஒரு நாள் பிந்தி வந்தால் வரட்டும்.

வேறு செய்தி பெரிதாக இல்லை. கர்க்லாண்ட் பாரிஜாதம் அன்ரியின் மகளுக்கு ஆனியில் கலியாணம், உன்னைக் கேட்டார், வரமாட்டாள் என்றேன். உன் பழைய அறை ஜன்னலடியில் பனி உருகித் தண்ணீர் இறங்குகிறது, வீட்டுக்காரரிடம் இரண்டு தரம் சொல்லியாயிற்று. வடை உடைந்திருக்கும், தூளாகப் போயிருந்தாலும் தேநீரோடு சாப்பிடலாம். கொதித்தாறிய தண்ணீர் குடி. அப்பா கேட்கச் சொன்னார், மலேரியாக் குளிசையை விடாமல் போடுகிறாயா என்று.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இதை வாசித்து முடித்ததும் அம்மா அங்கே பயந்து சாகப் போகிறாள், ஒரு சொல் சொல்லிவிடுவோம் என்று உனக்குத் தோன்றும். போனில் சார்ஜ் இருக்காது. பற்றறி பக்கத்தில் இருக்கும், பார்க்க நல்லாகத்தான் இருக்கும், ஐந்து நிமிடம் கொழுவினால் என்ன என்று நினைப்பாய். கொழுவாதே. சந்தை ஆள் போனைத் தரும்வரை, இல்லையென்றால் ஜீப் திரும்பி வரும்வரை, எத்தனை நாளானாலும் எனக்குச் சொல்லாமலே இரு. அதுவரை நான் பயந்துகொண்டுதான் இருப்பேன், இருந்துவிட்டுப் போகிறேன். அதைக் குறைக்க நீ ஒன்றும் செய்யவேண்டாம்.

எந்தத் தீங்கும் உன்னை அணுகாமல் கடவுள் காக்கட்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதோடு, அவர் இடது கையால் கீழே ஏதோ கிறுக்கியிருக்கிறார், அது அவருடைய பெயர்தான். மணலும் சட்டியும் மறக்காதே.

உன் அம்மா,
தாட்சாயினி ஆனந்தராசா